போனில் இருக்கிறது என்று பத்திரத்தைக் கோட்டை விடாதீர்!

(வணிகர்கள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

ஜவுளி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். இருவர் கூட்டாக நடத்திய கடை. லாபத்தில் ஆளுக்குப் பாதி என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கியிருந்தார்கள். ஒரே அசல். அது 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் போய்விட்டது. சில ஆண்டுகள் கழித்துக் கூட்டாளி, "உனக்குக் கால் பங்குதான்" என்றார். நண்பர் கலங்கவில்லை. "பத்திரம்தான் என் போனில் இருக்கிறதே!" என்றார்.

என்ன இருந்தது? வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான ஒரு படம்! எடுத்தது யார்? எந்தப் போனில்? என்றைக்கு? ஒன்றுக்கும் பதில் இல்லை. படம் எடுத்த போனையும் விற்றுவிட்டார்.

அப்படியானால் கம்ப்யூட்டரில் இருப்பதைச் சட்டம் ஏற்காதா? ஏற்கும்! ஆனால் நிபந்தனையோடு ஏற்கும். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய ஆவணங்களை மின்னணு வடிவில் வைக்கலாம் என்கிறது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 7ஆம் பிரிவு. அதற்கு மூன்று நிபந்தனைகள். பின்னாளில் திறந்து பார்க்க முடிய வேண்டும். மூலத்தில் உள்ளதை மாறாமல் காட்ட வேண்டும். எங்கிருந்து, எப்போது வந்தது என்ற விவரம் கூடவே இருக்க வேண்டும். நம் சொந்தப் பத்திரங்களுக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடுகிறது. எடுத்த நாள், நேரம் உதிர்ந்துவிடுகிறது.

நீதிமன்றத்துக்குப் போனால் இன்னொரு படி உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணு நகலோடு சான்றிதழ் தர வேண்டும். கருவியைக் கையாண்டவர் ஒரு பகுதியையும், நிபுணர் மறு பகுதியையும் நிரப்ப வேண்டும். அதில் 'ஹேஷ்' எண்ணையும் குறிக்க வேண்டும். அது ஃபைலின் கைரேகை மாதிரி. ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் மாறிவிடும்.

இதையும் கவனியுங்கள். உயில், டிரஸ்ட் பத்திரம் ஆகியவற்றுக்கு அந்தத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பொருந்தாது. பவர் பத்திரமும் அப்படித்தான். ரிசர்வ் வங்கி, செபி போன்றவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு எழுதித் தருவதற்கு மட்டும் 2022இல் விலக்கு தந்தார்கள். எனவே இவற்றில் காகிதம்தான் பத்திரம். ஸ்கேன் வெறும் நகல். ஜமாஅத் நிர்வாகிகளும் இதை மறந்துவிடக் கூடாது.

"நோட்டரியின் புத்தகத்தில் இருக்குமே?" என்பீர்கள். 1956ஆம் ஆண்டு நோட்டரி விதிகளின்படி ஒவ்வொரு நோட்டரியும் பதிவேடு வைக்க வேண்டும் என்பது உண்மை. நண்பரும் போய்ப் பார்த்தார். வரிசை எண் இருந்தது, தேதி இருந்தது, இருவர் பெயரும் இருந்தது. ஒப்பந்தம் எழுதியது உறுதியாயிற்று. பாதியா, காலா? அந்த ஒரு வரி அதைச் சொல்லவில்லை! கடைசியில் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பாதிக்குக் குறைவாக வாங்கிக்கொண்டு விலகினார்.

இளைஞர்களே! கம்ப்யூட்டர் உங்களுக்குக் கைவந்த கலை. இந்த வாரமே வாப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். எல்லாப் பக்கங்களையும், முத்திரையும் வரிசை எண்ணும் தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் செய்யுங்கள். யார், எந்தக் கருவியில், எந்தத் தேதியில் செய்தது என்று எழுதி வையுங்கள். ஹேஷ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இடங்களில் சேமியுங்கள். அசலைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். இனி எழுதும் ஒப்பந்தங்களில் ஆளுக்கொரு அசல் கேளுங்கள்.

ஒரு மணி நேர வேலைதான். அதைச் செய்யாததால் ஒருவர் பல ஆண்டு உழைப்பை இழந்தார். அடுத்தவர் நாமாக இருக்க வேண்டாம்!