எங்கள் வீட்டுக் குக்கரில் ஒரு பாடம்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ திருப்பூர்ல சாயத் தொழிற்சாலையில மெயின்டனன்ஸ் பாக்கறே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் இன்று நான் பேசப் போவது பட்டை தீட்டாத அரிசியைப் பற்றி. காரணம் இருக்கிறது. போன சந்திப்பில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, எங்கள் மேஜையில் மூன்று பேர் சட்டைப் பையிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்தார்கள். மூவருக்கும் நாற்பது வயது ஆகவில்லை. அதற்கு இரண்டு மாதம் கழித்து நான்காவது ஆள் நானாக இருந்திருக்க வேண்டியது. மயிரிழையில் தப்பினேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் குண்டடம். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது காலபைரவ வடுகநாதர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் மானாவாரிப் பூமி. சோளமும் கம்பும்தான் விளையும். நெல் பார்க்க வேண்டுமென்றால் தாராபுரம் பக்கம் அமராவதிப் பாசனத்துக்குப் போக வேண்டும். எங்கள் அப்பா சிறு வயதில் தின்றது சோளச்சோறும் கம்மங்கூழும்தான். நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும், அப்புறம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால்தான். விருந்தாளி சாப்பிட்டு மிச்சம் இருந்தால் குழந்தைகளுக்கு ஒரு கை கிடைக்கும். இதை அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். நான் இந்தக் கல்லூரியில் படித்து, வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் ஒரு மூட்டை நல்ல சன்ன அரிசி வாங்கிப் போட்டபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பட்டம் வாங்கினபோதுகூட அப்படிச் சந்தோஷப்படவில்லை.

அதே அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் காலில் ஒரு சின்னப் புண். செருப்புக் கடி என்று விட்டுவிட்டார். கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதே மாதம் எங்கள் கம்பெனியில் மருத்துவ முகாம். எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2 என்று வந்தது. 5.7 வரைக்கும் போனாலே எச்சரிக்கை, 6.5 தொட்டால் சர்க்கரை நோயாளி. "தம்பி, நீங்க வாசற்படியில நிக்கறீங்க. சோத்தைக் குறைங்க. திங்கற சோத்தையும் தீட்டாத அரிசியா மாத்துங்க. தினமும் நடங்க" என்றார் டாக்டர்.

நான் உடனே என்ன செய்தேன் தெரியுமா? எல்லா ஆண்பிள்ளைகளும் செய்வதைத்தான் செய்தேன். பத்துக் கிலோ பழுப்பரிசி வாங்கி வந்து சமையலறையில் வைத்து, "நாளையிலிருந்து இதுதான்" என்று உத்தரவு போட்டேன். என் மனைவி பாவம், வழக்கமான அரிசிக்கு வைக்கிற மாதிரி இரண்டு பங்கு தண்ணீர், மூன்று விசில் வைத்தாள். சோறு ஜல்லிக்கல் மாதிரி வந்தது. என் மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, இது வேகலை" என்றாள். அப்பா தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏஞ்சாமி, வெள்ளைச் சோறு திங்கோணும்னுதான் உன்னைப் படிக்க வெச்சேன். இப்ப மறுபடியும் என்னை எங்கே கூட்டிட்டுப் போறே?"

எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி மனைவி சொன்னாள்: "ஏனுங்க, டாக்டர் உங்ககிட்டத்தானே சொன்னாரு? நாளைக்கு நீங்களே வையுங்க." அது கோபமாகச் சொன்னதில்லை. நியாயமாகச் சொன்னது. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக அடுப்படிக்குள் போனேன்.

நண்பர்களே, நமக்குத் தெரிந்தது இன்ஜினியரிங். எது பழுதானாலும் முதலில் ஏன் என்று கேட்கச் சொல்லித்தான் நம் பேராசிரியர்கள் பழக்கியிருக்கிறார்கள். இந்த அரிசி ஏன் வேகவில்லை? நெல்லில் வெளியே இருப்பது உமி, எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. உமியை மட்டும் நீக்கினால் கிடைப்பது பழுப்பரிசி. அதன் மேல் தவிட்டுத் தோலும் ஒரு முனையில் முளைக் கருவும் இருக்கும். நாரும் எண்ணெயும் பி வைட்டமின்களும் பெரும்பாலும் இருப்பது அங்கேதான். மில்லில் பட்டை தீட்டும்போது அதெல்லாம் தவிடாகி மாட்டுக்குப் போகிறது. மிச்சம் மாவுச்சத்து நமக்கு.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பட்டறை ஞாபகம் வந்தது. நிட்டிங் மெஷினிலிருந்து வருகிற பனியன் துணியைத் தண்ணீரில் போட்டால் சீக்கிரம் நனையாது. பருத்தி மேல் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. அதைக் காரம் போட்டுக் கொதிக்க வைத்து எடுத்தால்தான் தண்ணீரும் சாயமும் உள்ளே போகும். தவிட்டுத் தோலும் அப்படித்தான், எண்ணெய் கலந்தது, தண்ணீரைச் சுலபத்தில் உள்ளே விடாது. துணிக்குக் காரம் போடலாம், சோற்றுக்குப் போட முடியுமா? நேரம்தான் கொடுக்க வேண்டும். வெள்ளை அரிசிக்கு நான் கொடுத்த நேரத்தையும் தண்ணீரையும் இதற்கும் கொடுத்ததுதான் தப்பு.

ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். துணி ஒரு கிலோவுக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்று நாங்கள் கணக்கு வைப்பது மாதிரி, அரிசிக்கும் தண்ணீர், ஊறும் நேரம், அடுப்பு நேரம், மூன்றையும் குறித்தேன். நான்கு நாள் சொதப்பல். ஒரு நாள் களி, ஒரு நாள் அடிப்பிடிப்பு. ஐந்தாம் நாள் தேறினேன். எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அரிசி ஒரு டம்ளர். இரண்டு தடவை மெதுவாகக் கழுவி, ராத்திரி படுக்கப் போகும்போது ஊற வைத்துவிட வேண்டும். எட்டு மணி நேரம் ஊறட்டும். காலையில் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, குக்கரில் மூன்று டம்ளர் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். முதல் விசில் வரும்வரை தீ பெரிதாக, பிறகு சிம்மில் இருபது நிமிஷம். அடுப்பை அணைத்த பிறகு விசிலைத் தூக்கிப் பிரஷரை வெளியேற்றக் கூடாது. தானாக அடங்கும்வரை கால் மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பாதி வேலை அந்தக் கால் மணி நேரத்தில்தான் நடக்கிறது. வடிசோறு வேண்டுமென்றால், ஊறின அரிசியை ஆறு பங்கு கொதிக்கிற தண்ணீரில் போட்டு நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷம் வேக வைத்து வடிக்கலாம். அரிசிக்கு அரிசி கொஞ்சம் மாறும். உங்கள் நோட்டு உங்களுக்கு.

இன்னொன்று. மொத்தமாக வாங்கிப் போடாதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாளானால் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் சீக்கிரம் வரும். என் முதல் பத்துக் கிலோவில் பாதி அப்படித்தான் கோழிக்குப் போனது.

கோழி என்றதும் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 1890 வாக்கில் ஜாவாவில் எய்க்மான் என்கிற டச்சு டாக்டர், கை கால் மரத்து ஆளையே சாய்க்கிற பெரிபெரி நோய்க்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகளுக்கும் அதே மாதிரி நோய் வந்தது. திடீரென்று ஒரு நாள் தானாகக் குணமாகிவிட்டது. விசாரித்தால், கோழிகளுக்கு ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சின தீட்டின அரிசிச் சோற்றைப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் தீட்டாத அரிசி போட்டார்கள், கோழி பிழைத்துக்கொண்டது. அந்த வழியில் போய்த்தான் பின்னால் வைட்டமின் பி1 கண்டுபிடிக்கப்பட்டது. எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

நமக்குப் பக்கத்திலேயும் இந்த வேலை நடந்திருக்கிறது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நம் ஊர்ப் புழுங்கலரிசிக்கும் ஒரு பெருமை உண்டு. நெல்லை ஊற வைத்துப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டின பிறகும் மிஞ்சுகிறது. நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் தெரியாது, ஆனால் புழுக்கத் தெரிந்திருந்தது.

சரி, சர்க்கரைக்கு இது என்ன செய்யும்? சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2014-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். உடல் எடை கூடின சிலருக்கு ஐந்து நாள் வெள்ளையரிசி, ஐந்து நாள் பழுப்பரிசி என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, நாள் முழுவதும் சர்க்கரையை அளந்தார்கள். பழுப்பரிசி நாட்களில் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைவு. பயறு பருப்போடு சேர்த்தபோது இன்னும் கொஞ்சம் குறைவு. சின்ன ஆய்வுதான், ஆனால் நம் ஆட்களை வைத்து, நம் சோற்றை வைத்துச் செய்த ஆய்வு. அதே சமயம் ஒன்றை மறக்கக் கூடாது. பழுப்பரிசியும் அரிசிதான். நல்லது என்று மலை மாதிரி குவித்துத் தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

இப்போது அப்பாவிடம் வருகிறேன். சோறு வேக ஆரம்பித்துவிட்டது. ஆனால் அவர் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவருக்கு வெள்ளைச் சோறு என்பது நாக்கு விஷயம் இல்லை, ஒரு வாழ்நாள் கணக்கு. அதை ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டித் தீர்க்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசிம்பருப்புச் சோறு செய்தேன். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஊறின பழுப்பரிசி மூன்று பங்கு, துவரம்பருப்பு ஒரு பங்கு. சின்ன வெங்காயம் நிறைய, பூண்டு, தக்காளி, வரமிளகாய். சீரகமும் மிளகும் தட்டிப் போட வேண்டும். மஞ்சள், உப்பு, கொஞ்சம் தேங்காய். நல்லெண்ணெயில் தாளித்து, தண்ணீரை ஒரு டம்ளர் கூட்டி வைத்துக் குழைவாக இறக்கி, மேலே அரை ஸ்பூன் நெய். குக்கரைத் திறந்ததும் வீடு முழுக்க வாசம். அப்பா திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

"என்ன வாசம்டா இது?"

"சாப்பிட்டுப் பாருங்கப்பா."

ஒரு வாய் மென்றார். ரொம்ப நேரம் மென்றார். பிறகு, "எங்கம்மா தீபாவளிக்கு உரல்ல குத்துற அரிசி இப்படித்தான் மணக்கும்" என்றார்.

நான் மெதுவாகக் கேட்டேன்: "அந்தச் சோறு வெள்ளையா இருக்குமாப்பா?"

கொஞ்சம் யோசித்தார். "வெள்ளையா எங்கே இருக்கும்? உலக்கையில குத்தி மொறத்துல பொடைச்சா எவ்வளவு தவிடு போகும்? செவச்செவன்னுதான் இருக்கும்." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

நண்பர்களே, அவர் சிறு வயதில் ஏங்கின அந்த நெல்லுச்சோறு, நான் இன்றைக்கு வாங்குகிற அரிசிக்கு மிகவும் பக்கத்தில் இருந்த சோறு. உலக்கையால் தவிடு முழுவதும் போகாது. நடுவில் மில் வந்தது, வெள்ளை வந்தது. பிறகு வெள்ளைதான் வசதி என்று ஆகிப்போனது. நான் அவரைப் பின்னால் இழுக்கிறேன் என்று அவர் வருத்தப்பட்டார். அந்த ஒரு வாயில் வருத்தம் தீர்ந்தது. முழுதாகத் தீர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் விருந்து, விசேஷம் என்றால் வெள்ளைச் சோறுதான் கேட்கிறார். மற்ற நாட்களில் மத்தியானம் எங்களோடு பழுப்பரிசி, அதுவும் கொள்ளுப் பருப்பு இருந்தால் பேச்சே இல்லை. மிஞ்சினதில் தண்ணீர் ஊற்றிக் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் வைத்துக் குடிப்பது என் மகளுக்கே பிடித்துப்போய்விட்டது.

ஒரு வருஷத்தில் என் சர்க்கரை 6.2-லிருந்து 5.8-க்கு வந்தது. அரிசியால் மட்டும் என்று சொல்ல முடியாது. தினம் நாற்பது நிமிஷம் நடக்கிறேன், சோற்றின் அளவையும் குறைத்தேன், காயைக் கூட்டினேன். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை. வாசற்படியிலிருந்து இரண்டு அடி பின்னால் வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இங்கே இருக்கிற ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அரிசியை வாங்கிக் கொடுத்து உத்தரவு போடாதீர்கள். முதல் வாரம் நீங்களே ஊற வைத்து, நீங்களே வையுங்கள். அடிப்பிடித்த பாத்திரத்தையும் நீங்களே தேய்யுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சிறு வயதில் என்ன சாப்பிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். டாக்டர் சொன்னதை அப்புறம் சொல்லலாம்.

ஊற வைக்க ராத்திரி மறந்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை மகளிடம் கொடுத்திருக்கிறேன். "அப்பா, அரிசி ஊறப் போட்டாச்சா?" என்று அவள் கேட்காமல் எங்கள் வீட்டில் விளக்கு அணையாது.