அழகின் அளவுகோல் யார் கையில்?



வெள்ளி விழாக் காணும் கல்விக் கழகத்தின் மேடையில் அழகைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் கருதலாம். இடஒதுக்கீடு, வேலைவாய்ப்பு, விடுதி வசதி எனப் பேச வேண்டியவை பல உள. ஆயினும், பட்டம் பெற்ற நம் பெண்ணை ஒரே நொடியில் தலைகுனியச் செய்யும் ஆற்றல் 'கறுப்பி' என்னும் ஒரு சொல்லுக்கு இன்றும் இருக்கிறது. ஆதலின் இதுவும் நாம் ஆராய வேண்டிய பொருளே.

அழகு என்பது யாது? காண்பவர் உள்ளத்தில் மகிழ்ச்சி விளைவிப்பது என்பர். அப்படியாயின், காணும் கண்ணுக்கும் அக்கண்ணைப் பழக்கிய சமுதாயத்திற்கும் அதில் பங்குண்டு. சங்கப் புலவர்கள் தலைவியின் மேனியை மாந்தளிருக்கு ஒப்பிட்டு 'மாமை' எனப் போற்றினர். பிரிவுத் துயரால் அந்நிறம் மங்கி வெளிறுவதைப் 'பசலை' என்றனர்; அதனை அழகின் அழிவாகவே கண்டனர். வள்ளுவரும் பசப்பைப் பாட ஓர் அதிகாரம் வகுத்தார். வெளிறுதலை நோயாக எண்ணிய மொழியில் இன்று வெளுப்பே அழகாயிற்று. எனவே இவ்வளவுகோல் இயற்கை தந்ததன்று, மனிதர் மாற்றியது. மனிதர் மாற்றியதை மனிதரே மீண்டும் மாற்றலாம்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. கதிரவனின் புற ஊதாக் கதிர்களினின்று உடலைக் காப்பது அதன் தொழில். வயலிலும் சூளையிலும் உழைத்த நம் அன்னையர்க்கு அது இயற்கை அளித்த காவல். அக்காவலையே இழிவின் குறியாக்கியது சாதி மனப்பான்மை.

பெண்ணின் தோற்றத்தில் சாதியின் முத்திரையைப் பதிப்பது பழைய கொடுமை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடி, 1859-இல் அரசாணை பெற்றனர். 1927 டிசம்பரில் மகாட் நகரில் அண்ணல் அம்பேத்கர் பெண்களுக்கெனத் தனியே உரையாற்றினார். தீண்டாமையின் அடையாளமாகிவிட்ட உடைமுறையையும் கனத்த அணிகளையும் விட்டொழிக்குமாறும், தூய்மையாக உடுத்துமாறும், பெண்மக்களைப் படிக்க வைக்குமாறும் வேண்டினார். அது ஒப்பனைக்கான அறிவுரையன்று. பிறர் சுமத்திய அடையாளத்தைக் கழற்றியெறியும் அழைப்பு.

இன்று அம்முத்திரையைப் பதிப்பதில் வணிகமும் சேர்ந்துகொண்டது. 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலையும் மணமும் வாய்க்கா என்ற அச்சத்தை விளம்பரங்கள் வளர்த்தன. நிறத்தைக் காட்டி எவரையும் தாழ்த்தலாகாதென 2014-இல் விளம்பரத் தர மன்றம் நெறி வகுத்தது. 2020-இல் களிம்பின் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. பெயர் மாறியது, மனம் மாறியதா? சந்தையில் உலவும் வெளுப்புக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்துள்ளது; அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது.

தாய்மார்களே! பிறரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும், "பெண் நிறம் குறைவு, ஐந்து பவுன் கூடப் போடுங்கள்" என்னும் பேரம் நம் வீடுகளிலும் ஒலிக்கிறது. அந்த ஐந்து பவுனில் ஒரு பெண்ணின் மேற்படிப்பு கரைந்துபோகிறது. நம்மைப் பிறப்பால் அளந்தவர்களை எதிர்த்துக் கழகம் கண்ட நாம், நம் வீட்டுக்கு வரும் பெண்ணை நிறத்தால் அளப்பது என்ன நீதி?

ஆகவே இவ்விழாவில் மூன்று உறுதிகளை ஏற்போம். மருமகளைத் தேடுகையில் நிறத்தைக் கேளோம். நம் விழாக்களில் விருந்தினரை வரவேற்கச் சிவந்த பெண்களை மட்டும் முன்னிறுத்தோம். நம் பிள்ளைகளை நிறத்தைச் சொல்லி விளையாட்டுக்கும் அழையோம்.

மாணவியரே! நன்றாக உடுத்துங்கள், பூச்சூடுங்கள், விரும்பினால் அவற்றை விடுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் உங்கள் மதிப்பை எந்தக் கண்ணாடியிடமும் கேட்காதீர்கள். புற ஒப்பனைகளை ஒதுக்கிக் கல்வியையே அழகென்றது நாலடியார். அவ்வழகை ஊட்டவே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்து வருகிறது. அதை ஏந்தி நிமிர்ந்து நடப்பீர்களாக!