தேற்றாங்கொட்டையும் தெளியும் நீரும்

(சேத்தியாத்தோப்பில் தசலக்ஷணப் பருவத்தின் நிறைவையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு அமைந்த ஊர் சேத்தியாத்தோப்பு. அண்மையில் வீராணம் ஏரி விரிந்து கிடக்கிறது. கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே அதற்கு நீர் வருகிறது. நீரின் போக்கை இப்பகுதி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வரத்துக்காலின் மதகை அடைத்தால் புதுநீர் வருவது நிற்கும். ஆயினும் முன்பே தேங்கிய நீர் அந்நொடியில் மறைந்துவிடாது. வெயிலும் காற்றும் நாள்தோறும் சிறிது சிறிதாக உண்ண, மெல்ல மெல்லவே அது குறையும்.

வினையின் வரவையும் நீக்கத்தையும் விளக்க ஜைன ஆசாரியர்கள் எடுத்தாண்ட உவமையும் இதுவேயாகும். வினை வந்து சேரும் வாய்க்கால் ஆஸ்ரவம். அதை அடைப்பது சம்வரம். தேங்கியது வற்றுவது நிர்ஜரை. அடைப்பதும் வற்றுவதும் இரு வேறு செயல்கள் என்று பிரித்து வைத்ததிலேயே ஆழ்ந்த கருணை ஒன்று இருக்கிறது. மதகை அடைத்த அன்று மாலையே ஏரி வறளவில்லையே என்று எந்த உழவரும் தம்மை நொந்துகொள்வதில்லை. ஆனால் விரதம் ஏற்ற மறுவாரமே கோபம் தலைதூக்கினால், "இத்தனை நாள் நோன்பிருந்தும் மாறவில்லையே, இனி மாறவே போவதில்லை" என்று மனம் உடைகிற சிராவகர் பலர். இன்றைய சிந்தனை அவர்களைப் பற்றியது.

இம்மனக்குறை நெய்வேலியைச் சூழ்ந்த பகுதியில் தனி வடிவம் கொள்கிறது. 1956-இல் நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின், பல ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் வேலையின் பொருட்டு இங்கு வந்து குடியேறின. சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகல் ஓயாமல் இயங்குவன. சொந்தக் கிராமத்தில் மாலை மணியோசை கேட்டதும் ஜினாலயம் சென்று, பொழுது சாயுமுன் உண்டு முடித்த குடும்பத்துப் பிள்ளை, ஷிப்ட் முறையில் பணிபுரியும்போது இரவில் உணவுப் பாத்திரத்தைத் திறக்க நேர்கிறது. "பொழுதிருக்க உண்பவர்" என்று அயலார் அடையாளம் சொல்லும் சமூகத்தில் பிறந்தவருக்கு அந்தக் கவளம் தொண்டையில் தடைபடுகிறது. சில நாள் மனம் வருந்துவார். பின்னர், "இதையே காக்க முடியாதவனுக்கு எதற்குச் சாமாயிகம், எதற்குச் சுவாத்தியாயம்" என்று எஞ்சியவற்றையும் கைவிடுவார். தவறியது ஒன்று, அதன் பெயரால் இழந்ததோ பல. குற்றவுணர்வு செய்யும் கேடு இத்தகையது.

தம் குறையைக் கண்டபின் ஒருவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குத் தமிழ் ஜைனர் அனைவரும் நன்றியோடு நினைக்கத்தக்க ஒருவரின் வாழ்விலிருந்தே சான்று காட்டலாம்.

1880-ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்த உ. வே. சாமிநாதையருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். திருவாவடுதுறை ஆதீனத்தில் பயின்றவர். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பலவற்றில் தேர்ந்தவர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன நூல்கள் படித்ததுண்டு என்று முதலியார் வினவ, ஐயர் நீண்ட பட்டியலை ஒப்பித்தார். முதலியாரின் முகத்தில் வியப்பு ஏதும் தோன்றவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று அடுத்தடுத்துக் கேட்டார். எதற்கும் ஐயரிடம் விடையில்லை.

அந்த இடத்தில் இரு வழிகள் திறந்திருந்தன. "நான் கற்றதே போதும்" என்று செருக்கோடு திரும்புதல் ஒன்று. "இத்தனை ஆண்டு கற்றதெல்லாம் வீண்" என்று சோர்ந்து அமர்தல் மற்றொன்று. ஐயர் இரண்டையும் விலக்கினார். அந்நூல்கள் கைக்குக் கிட்டவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். கிட்டினால் படிக்கும் துணிவு உண்டு என்றார். முதலியாரிடமிருந்தே சிந்தாமணியின் பிரதியைப் பெற்றுவந்து படிக்கத் தொடங்கினார்.

தொடங்கிய பின்னரே உண்மையான இடர் தெரிந்தது. சொற்கள் தமிழாக இருந்தும் பொருள் விளங்கவில்லை. ஜைன மரபின் சொற்களும் கருத்துகளும் சைவச் சூழலில் வளர்ந்தவருக்குப் புதியனவாயிருந்தன. தமக்குத் தெரியாது என்பதை மறைக்காமல், கும்பகோணத்தில் வாழ்ந்த ஜைனக் குடும்பத்தாரின் இல்லங்களை நாடிச் சென்றார். ஒரு நாள் ஜைன அன்பர் ஒருவரின் வீட்டில் மாவிலைத் தோரணம் கண்டு விசேஷம் என்னவென்று கேட்க, சிந்தாமணி வாசித்துப் பூர்த்தி செய்த விழா என்னும் விடை வந்தது. அறிஞர் பலரும் அறியாதிருந்த காப்பியம், இல்லறத்தாரின் கூடத்தில் விழாவெடுத்துப் படிக்கப்பட்டு வந்தது! சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோர் ஐயங்களை அகற்றினர். கல்லூரி ஆசிரியர் அவர்கள் முன் மாணவராக அமர்ந்தார். வேற்றுச் சமயத்தவராயினும் அவரைப் "பவ்ய ஜீவன்" என்றே ஜைன நண்பர்கள் மதித்தனர்.

ஏழாண்டு உழைப்பின் பின், 1887-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணி அச்சேறியது. பிழையே இல்லாத நிலை வரும்வரை காத்திருப்பேன் என்று அவர் எண்ணியிருந்தால் நூல் வெளிவந்திராது. அன்றைய அறிவுக்கு எட்டிய அளவில் நேர்மையாகச் செய்து வெளியிட்டார். பின் 20 ஆண்டுகள் கற்றதைக் கொண்டு 1907-இல் திருத்திய இரண்டாம் பதிப்பையும், 1922-இல் மூன்றாம் பதிப்பையும் கொணர்ந்தார். முதற்பதிப்பின் குறைகளுக்காக அவர் அதை மறுக்கவில்லை. முதற்பதிப்போடு நின்றுவிடவும் இல்லை.

உரையாசிரியர் நச்சினார்க்கினியரைப் பற்றியும் இதையொத்த கர்ண பரம்பரைச் செய்தி ஒன்று வழங்குகிறது. அவர் சிந்தாமணிக்கு முதலில் எழுதிய உரையை ஜைன அறிஞர்கள் ஏற்கவில்லையாம். அவர் சினந்து விலகாமல், சிற்றாமூர் சென்று ஜைன நூல்களை முறையாகக் கற்று, உரையை மீண்டும் எழுதினாராம். மேல்சித்தாமூர் மடத்தைத் தரிசிக்கச் செல்வோர், தள்ளப்பட்ட ஓர் உரையிலிருந்து சிறந்த உரையொன்று பிறந்ததாகச் சொல்லப்படும் மண் அது என்பதையும் நினைவிற் கொள்வது நன்று.

தோல்வியும் மீட்சியும் கலந்த இந்தப் பாதையை ஜைன தத்துவம் விதிவிலக்காகக் கருதவில்லை. உயிரின் வளர்ச்சியை 14 குணஸ்தானங்களாக வகுத்தபோதே, ஏறுதலோடு இறங்குதலையும் சேர்த்தே ஆசாரியர்கள் எழுதிவைத்தனர். நான்காம் நிலையில் நற்காட்சி பெற்றவரும் வழுவக்கூடும். வழுவி விழும்போது கடக்கும் நிலைக்கே சாசாதனம் என்று தனிப்பெயர் உண்டு. ஆறாம் நிலை பிரமத்த விரதம்; ஏழாம் நிலை அப்பிரமத்த விரதம். அனைத்தையும் துறந்த முனிவரும் இவ்விரண்டிற்கும் இடையே, ஒரு முகூர்த்தத்துக்கும் குறைந்த கால அளவில், மாறி மாறி ஏறி இறங்குகிறார் என்கிறது ஆகமம். முகூர்த்தம் என்பது 48 நிமிடம். மாமுனிவரின் விழிப்பே இவ்வாறு அசையுமானால், பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் பெற்றோரின் மருந்தையும் எண்ணி உழலும் இல்லறத்தார் தம் மனம் அலைவதைக் கண்டு திடுக்கிட வேண்டியதில்லை.

பதினோராம் நிலையோ இன்னும் வியப்புக்குரியது. அதன் பெயர் உபசாந்த மோகம். மோகம் முழுதும் அடங்கிய உயர்ந்த நிலை அது. ஆயினும் அங்கிருந்து மேலேறுவது இல்லை. இறங்கியே ஆக வேண்டும். காரணம், அங்கே மோகம் அடங்கியிருக்கிறதேயன்றி அழியவில்லை. இதற்குச் சான்றோர் காட்டும் உவமை தேற்றாங்கொட்டை. கலங்கிய நீருள்ள பானையில் அதை உரைத்தால் சேறு அடியில் படிந்து நீர் பளிங்காகத் தெளியும். பானை அசைந்தால் மீண்டும் கலங்கும். கலங்கிய நீரைக் கண்டு பானையை உடைப்பார் இல்லை. மீண்டும் தெளியவைத்து, தெளிந்த நீரை வேறு பானைக்கு இறுத்துக்கொள்வர். அடக்கிய கோபம் ஒரு நாள் பொங்குமானால், அடியில் இன்னும் சேறு உண்டு என்னும் செய்தியே அது. பானை பயனற்றது என்னும் தீர்ப்பு அன்று.

இங்கே ஒரு வினா எழலாம். நற்காட்சியின் எட்டு அங்கங்களில் முதலாவது ஐயமின்மை அன்றோ? அவ்வாறாயின் ஐயுறுவது குற்றம் ஆகாதா? அருகன் உரைத்த மெய்ப்பொருளின் மேல் உறுதியின்றி ஊசலாடுவதே அங்கு விலக்கப்படும் சங்கை. தன் அறிவின் எல்லையை உணர்வது வேறு. இந்திரபூதி கௌதமர் கல்விச் செருக்குடன் இருந்தவர். தமக்கு விளங்காத ஒரு வினாவோடு மகாவீரரின் சமவசரணத்துக்கு வந்தார். மானஸ்தம்பத்தைக் கண்டதும் மானம் கரைந்தது. முதல் கணதரர் ஆனார். விடை தெரியாத அந்த வேளையே அவருக்கு வாயிலாயிற்று.

எட்டு அங்கங்களில் ஆறாவது ஸ்திதிகரணம். வழுவுபவரை மீண்டும் நெறியில் நிலைநிறுத்துதல் என்பது அதன் பொருள். இதற்கு எடுத்துக்காட்டாக அருங்கலச்செப்பு முதலிய நூல்கள் போற்றுவது வாரிஷேணரை. சிரேணிக மன்னனின் மகனான அவர் துறவு பூண்டபோது, நண்பர் புஷ்படாலரும் உடன் துறந்தார். ஆனால் ஆண்டுகள் பல சென்றும் புஷ்படாலரின் நெஞ்சம் விட்டுவந்த மனைவியையே சுற்றியது. வாரிஷேணர் அவரை இகழவில்லை. கூட்டத்தின் முன் நிறுத்திக் குற்றம் சாட்டவும் இல்லை. தம் அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தாம் துறந்த செல்வத்தையும் அணிகலன் பூண்ட தம் மனைவியரையும் காட்டி, வேண்டுமாயின் இவற்றை ஏற்றுக்கொள்ளலாம் என்றார். நண்பர் தாமே உணர்ந்தார். தாமே உறுதி பெற்றார்.

பிறரை நிலைநிறுத்துதல் என்றே இதைப் பலர் எண்ணுவர். குந்தகுந்தாசாரியரோ சமயசாரத்தில், நெறி தப்பிச் செல்லும் தன்னையே மீண்டும் நெறியில் நிறுத்துவதை ஸ்திதிகரணம் என்று உரைத்தார். புஷ்படாலரும் வாரிஷேணரும் ஒரே நெஞ்சில் வாழலாம் என்பது இதன் கருத்து. தவறிய நண்பரிடம் காட்டும் பொறுமையைத் தவறிய தன்னிடமும் காட்டுதல் அறத்தின் ஓர் அங்கம்.

இது சலுகை ஆகாது. தன்னைப் பொறுத்தல் வேறு, தன் பிழையைப் போற்றுதல் வேறு. பிரதிக்கிரமணத்தில் பிழையை ஒளிக்காமல் சொல்லி, வருந்தி, திருத்தம் மேற்கொண்டு, அத்துடன் அதனை முடித்துவிடுகிறோம். முடியாத வருத்தத்துக்கு வேறு பெயர் உண்டு. அது ஆர்த்தத் தியானம். நினைத்து நினைத்துப் புண்ணைக் கிளறும் அந்நிலையை ஜைன நூல்கள் விலக்கத்தக்க தியானங்களில் வைத்தன. கஷாய வசப்பட்டவன் பிறவுயிரை வருத்தும் முன்னர்த் தன்னைத் தானே வருத்துகிறான் என்று புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திராசாரியர் விளக்கினார். எறும்புக்கு அஞ்சி அடிவைக்கும் கால்கள், தன் உயிரை நாள்தோறும் மிதிப்பது முறையன்று.

இரவுப் பணியாளரின் வினாவுக்கு இப்போது திரும்பலாம். சமந்தபத்திராசாரியரின் இரத்தின கரண்டகம் இல்லறத்தாருக்குப் பதினோரு படிகளை வகுத்து, அன்னம், பானம், காத்யம், லேகியம் என்னும் நால்வகை உணவையும் இரவில் முற்றும் துறப்பதை ஆறாம் படியில் வைக்கிறது. இரவில் உண்ணலாம் என்பதற்கு இது அனுமதி ஆகாது. ஏறுவதற்குப் படிகள் உண்டு என்பதற்கே சான்று. வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். கால எல்லை வகுத்து ஏற்பது நியமம் என்றும் அந்நூலே பிரிக்கிறது. பகற்பணி வாரத்திலும் விடுமுறை நாளிலும் இரவுணவைத் துறக்கலாம். இரவுப் பணி நாளில் பொழுது சாயுமுன் வயிறார உண்டு, பணியிடத்தில் நீரோடு நிறுத்த முயலலாம். உடல்நலக் குறையுடையோர் மருத்துவரின் அறிவுரைக்கு உட்பட்டு எல்லை வகுக்கலாம். முடிந்த நாளைக் குறித்துவைத்து, முடியாத நாளைப் பிரதிக்கிரமணத்தில் சொல்லி, மறுநாள் மீண்டும் தொடங்கலாம். ஒரு நாள் தவறினால் அந்த ஒரு நாளே தவறியது.

வீட்டிலுள்ளோருக்கும் இதிற் பங்குண்டு. தவறிய பிள்ளையை, "நம் குலத்தில் இப்படி உண்டா" என்று கேட்கும் தாய் தந்தையரின் வருத்தம் நியாயமானதே. ஆனால் அக்கேள்வியால் பிள்ளை ஜினாலய வாயிலைவிட்டு விலகுமானால், பயன் என்ன? மாவிலைத் தோரணத்தின் கீழே அயற்சமயத்து இளைஞர் ஒருவரை அமர்த்தி, அவருக்குத் தெரியாததைப் பொறுமையோடு சொல்லிக்கொடுத்த இல்லங்களின் வழித்தோன்றல்கள், தம் சொந்தப் பிள்ளைகளுக்கு அப்பொறுமையைக் காட்டாதிருக்கலாமா?

தசலக்ஷணத்தின் பத்து அறங்களில் முதலாவது உத்தம க்ஷமை. பருவம் முடிந்ததும் க்ஷமாவணி நாளில் ஒருவரையொருவர் வணங்கி மன்னிப்புக் கேட்டு, மன்னிப்பு வழங்குவது மரபு. எல்லா உயிர்களையும் பொறுப்பதாகச் சொல்லும் அவ்வேளையில், அந்த எல்லா உயிர்களுள் தன்னுயிரும் ஒன்று என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். கணவர், மனைவி, மாமியார், மருமகள், அண்டை வீட்டார் எனக் கைகூப்பி முடித்தபின், சாமாயிகத்தில் அமர்ந்து, சென்ற ஆண்டில் தவறிய தன்னையும் ஒருமுறை பொறுத்துக்கொள்க. பொறுத்தபின், மதகை மறுபடி இறுக அடைத்துக்கொள்க. வெயில் தன் பணியைச் செய்யும். ஏரி ஒரு நாள் வற்றும்.

அனைவருக்கும் நற்காட்சியும் நல்ஞானமும் நல்லொழுக்கமும் வளர்க. ஜெய் ஜினேந்திரா.