படிப்பும் தலையெழுத்தும்
(தர்மபுரி ஜில்லாவில் நடந்த கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



சர்க்கார் எப்படி நடக்கிறது, படிப்புக்காகப் புதிதாய் என்ன சட்டம் வேண்டும் என்பது பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டுவிட்டு, பிறகு நாமாகவே எழுத்துக்கூட்டிப் படித்துக் கொண்டோம். ஆதலால் நாம் சொல்லுவதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

பாலக்கோட்டுப் பக்கமோ, பென்னாகரத்துப் பக்கமோ, சித்தேரி மலையிலோ ஒரு பெண் படிப்பை விட்டுவிட்டால், "அவள் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று சொல்லி விடுகிறார்கள். எழுதினவன் யார் என்றால் பிரம்மாவைக் காட்டுகிறார்கள். பிரம்மாவின் எழுத்தைக் கண்டவர் ஒருவருமில்லை. ஆனால் சர்க்கார் எழுதின எழுத்து அச்சில் இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

1950-ல் வந்த அரசியல் சட்டம், 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயப் படிப்பை 10 வருஷத்துக்குள் கொடுக்க முயல வேண்டும் என்றது. அது கோர்ட்டில் கேட்டு வாங்கக் கூடிய உரிமையாயில்லை. 2002-ல்தான் உரிமையென்று திருத்தினார்கள். 2009-ல் சட்டம் செய்தார்கள். 2010 ஏப்ரல் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. ஆக, 10 வருஷம் 60 வருஷமாயிற்று! அதுவும் 6 வயது முதல் 14 வயது வரையில்தான்.

இனி யோசியுங்கள். 18 வயதாகாத பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது என்கிறது ஒரு சட்டம். 18 வயதுக்கு முன் வோட்டு இல்லை என்கிறது இன்னொன்று. 14 வயதானால் அபாயமில்லாத வேலைக்கு வைத்துக் கொள்ளலாம் என்கிறது வேறொன்று. படிக்கும் உரிமையும் அதே 14-ல் முடிந்து போகிறது. மிச்சமுள்ள 4 வருஷம் யாருக்குச் சொந்தம்? சட்டம் கைவிட்ட இடத்தில் வழக்கம் வந்து உட்கார்ந்து கொள்ளுகிறது. பெண்ணுக்கு ஜோசியன் முகூர்த்தம் குறிக்கிறான். பையனை மேஸ்திரி பெங்களூருக்குப் பஸ் ஏற்றுகிறான். இதிலே பிரம்மாவுக்கு என்ன வேலை?

"சாப்பாடும் பஸ் பாஸும் கொடுக்கிறார்களே" என்பீர்கள். சந்தோஷந்தான். ஆனால் ஓர் உத்தரவினால் வந்ததை மற்றோர் உத்தரவினால் நிறுத்திவிடலாம். சட்டத்தை எடுப்பதானால் சட்டசபையில் வந்து காரணம் சொல்லியாக வேண்டும். ஆகையால் நாம் கேட்பது சட்டம். 12-ம் வகுப்பு முடிய, 18 வயது வரை, இலவசப் படிப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை. மலையூர்ப் பிள்ளைக்கு வண்டியோ விடுதியோ கொடுப்பது சர்க்கார் கடமை. பிள்ளை நின்றுவிட்டால் வீடு தேடிப் போய் விசாரிக்க ஓர் அதிகாரி பொறுப்பு. இவ்வளவுதான்.

இதை யார் செய்வது? சட்டசபையில் 234 பேர். நம் ஜில்லாவுக்கு 5 பேர். எந்த மெம்பரும் மசோதா கொண்டு வரலாம். ஆனால் சர்க்கார் பணம் செலவாகும் மசோதாவுக்குக் கவர்னர் சிபார்சு வேண்டும். அது மந்திரிசபை மனம் வைத்தால்தான் வரும். ஆகவே மந்திரிகளே கொண்டு வரும்படி செய்ய வேண்டும். சபையில் நிறைவேறிய பிறகு கவர்னர் ஒப்பலாம், திருப்பலாம், ஜனாதிபதிக்கு அனுப்பலாம். 1976-ல் செய்த 42-வது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டு போய்விட்டது. ஆதலால் மத்திய சட்டத்தோடு மோதினால், ஜனாதிபதி சம்மதமின்றி நம் சட்டம் நிற்காது.

நடந்ததைப் பாருங்கள். சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பில் 7.5 சதவிகித இடம் கொடுக்கும் மசோதா 2020 செப்டம்பர் 15-ல் நிறைவேறிற்று. கவர்னர் கையெழுத்து வரவில்லை. ஊரெங்கும் கூச்சல் கிளம்பிற்று. அக்டோபர் 29-ல் சர்க்கார் தானே உத்தரவு போட்டது. மறுநாளே கவர்னர் கையெழுத்தும் வந்துவிட்டது! நீட் விலக்கு மசோதாவோ 2021 செப்டம்பர் 13-ல் நிறைவேறி, 2022 பிப்ரவரியில் கவர்னரால் திருப்பப்பட்டு, அம்மாதம் 8-ந் தேதி மறுபடியும் நிறைவேறிற்று. ஜனாதிபதி சம்மதம் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் தெரிந்தது. 234 பேரை நாம் வோட்டுப் போட்டு அனுப்புகிறோம். கையெழுத்துப் போடுகிறவரை அனுப்பினது யார்? கல்வி மாநிலப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டுமென்று நாம் சொல்லுவது இதனால்தான்.

ஆனாலும் கூச்சல் பலமாயிருந்தால் பேனா நகரும் என்பதை முதல் சங்கதி காட்டுகிறது. ஆகவே கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். 5 மெம்பர்களையும் நேரில் கண்டு கேளுங்கள். வோட்டுக் கேட்டு வருகிறவரிடம் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பணம் கேளாமல், "எங்கள் பெண்ணின் 4 வருஷத்துக்கு என்ன வழி?" என்று கேளுங்கள். தலையெழுத்து என்பது சட்டசபையில் எழுதப்படுகிற எழுத்து. எழுதுகிறவர்களை அனுப்புகிறவர்கள் நீங்கள். இதை மறவாதிருக்கும்படி கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.