எலும்பின் வளைவும் மூக்கின் அடைப்பும்

ஸ்கேன் அறிக்கையில் மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்று ஒரு வரி வந்துவிட்டால், ஆண்டுக்கணக்காகப் படுத்தும் சைனஸ் தொல்லைக்குக் காரணம் அகப்பட்டுவிட்டதாகவே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அது அவசர முடிவு என்பதே என் வாதம்.

ஏன் என்று அறிய, முதலில் சளி வடியும் வழியைப் பார்ப்போம். கன்னத்து எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையின் வாசல் அடியில் இல்லை, கூரையை ஒட்டி மேலே இருக்கிறது. உள்தோலின் நுண்மயிர்கள்தாம் சளியை ஓயாமல் மேலேற்றி வெளியே தள்ளுகின்றன. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இதை ஆராய்ந்த மருத்துவர் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர், அடியில் புதுத்துளை போட்டிருந்தாலும் சளி இயற்கை வாசலையே நாடிப் போவதைக் கண்டார். கன்னம், நெற்றி, கண்களுக்கு இடையேயுள்ள முன்புறச் சிற்றறைகள் எல்லாவற்றின் சளியும் மூக்கின் பக்கச்சுவரில் உள்ள ஒரு குறுகிய சந்து வழியாகத்தான் வர வேண்டும். அந்தச் சந்தின் ஓரத்தில்தான் எலும்பு ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலருக்கு மூக்கின் நடுமடல் காற்றடைத்து உப்பியிருக்கும். சிலருக்குக் கண்குழியின் தரையடியில் கூடுதலாக ஒரு சிற்றறை இருக்கும். அதற்கு ஹாலர் அறை என்று பெயர்.

தண்டின் வளைவோ இவையோ வழியை நெருக்குமே, பிறகு நோய் வராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1991இல் மருத்துவர் போல்ஜர் குழுவினர் 202 பேரின் ஸ்கேன்களை ஆராய்ந்தபோது, உப்பிய மடலும் ஹாலர் அறையும் சைனஸ் தொல்லை இல்லாதவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவில் காணப்பட்டன. 1994இல் மருத்துவர் குவால்ட்னி குழுவினர் சாதாரண ஜலதோஷம் பிடித்த 31 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். 27 பேருக்குக் கன்னத்து சைனஸில் மாற்றம் தெரிந்தது. சுமார் இரண்டு வாரம் கழித்து 14 பேரை மறுபடி பார்த்தால், ஆன்டிபயாட்டிக் இல்லாமலே 11 பேருக்கு அது தீர்ந்தோ பெரிதும் குறைந்தோ இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் எவருடைய எலும்பும் நிமிர்ந்துவிடவில்லை. வடிந்தது உள்தோலின் வீக்கம். பெரும்பாலும் சந்தை அடைப்பது அந்த வீக்கம்தான். எலும்பின் நெருக்கம் சிலருக்கு அதற்குத் துணைபோகலாம், அவ்வளவே.

அப்படியானால் அறுவை சிகிச்சையே வீணா? இல்லை. உப்புநீரால் கழுவுதல், ஸ்டீராய்டு ஸ்பிரே ஆகியவற்றை மருத்துவர் சொன்னபடி வாரக்கணக்கில் தவறாமல் செய்தும் நோய் தணியவில்லை, அடைத்த இடமும் குறுகிய இடமும் ஒன்றாகவே இருக்கின்றன என்றால், எண்டோஸ்கோபி வழியாக வாசலை அகலப்படுத்துவது நல்ல பலன் தருகிறது. தண்டு மிக வளைந்து மூச்சையே தடுத்தால் அதைச் சீராக்குவதும் முறையே. கத்தி வைக்கும் முன் ஸ்கேன் கட்டாயம் வேண்டும். பின்புறச் சிற்றறை சிலருக்குப் பார்வை நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். அது தெரியாமல் கை வைத்தால் பார்வையே போகக்கூடும்.

ஆகவே நேயர்களே, அறிக்கையில் வளைவு என்று கண்டதும் கலங்காதீர்கள்; என் அடைப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் விடாமல் அடைத்தாலோ, சளியில் ரத்தம் கண்டாலோ, கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ மட்டும் நாள் கடத்தாமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.