மாறும் பருவமும் மாறாத துணையும்



அண்ணனூரில் காலை மின்தொடர் வண்டியேறிச் சென்னைக்குப் பணிக்குச் செல்லும் பெண்மணிகள் பலர். ஐம்பதை நெருங்குகையில் அவர்களுள் சிலர் நள்ளிரவில் வியர்த்து விழித்தெழுகின்றனர். மறுநாள் சொல்லில் கடுமை தோன்றினால், ‘இவள் முன்போல் இல்லை’ எனக் கணவர் வருந்துகிறார்.

சினம் நான்கு கஷாயங்களுள் ஒன்று. அதனை வெல்லுதல் நம் அறம். ஆயினும் அதன் வேரை அறியாமல் குற்றஞ்சாட்டுதல் அறமாகாது. பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்து மாதவிடாய் நின்றுவிடுகிறது. 12 மாதங்கள் தொடர்ந்து வாராதிருப்பின் நின்றதாகக் கொள்வர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே உடல்வெப்பமும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் தொடங்கலாம். இது நோயன்று, பருவமாற்றம்.

ஒரு பொருளைப் பல பக்கமும் நோக்குக என்பது அநேகாந்தம். ஆதலின் கணவர் கேட்கத்தக்கது, ‘ஏன் சினந்தாய்?’ என்பதன்று, ‘இரவு உறங்கினாயா?’ என்பதே. காலைச் சமையலில் கைகொடுத்தலும், மருத்துவரிடம் உடன் செல்லுதலும் அவர் கடமை. மனைவியும் கூச்சம் விடுத்துத் தம் துன்பத்தைச் சொல்லுதல் வேண்டும். சொல்லாததைத் துணைவர் எவ்வாறு அறிவார்?

இப்பருவத்தில் எலும்பு வலுக்குறையும். கேழ்வரகும் எள்ளும் உணவில் இடம்பெறட்டும். இருவரும் சேர்ந்து நடக்கட்டும். உடல் தளர்ந்த நாளில் உபவாசம் மேற்கொள்ளுமாறு எவரும் வற்புறுத்தலாகாது. நின்றபின் மீண்டும் உதிரப்போக்கு கண்டால் தாமதியாது மருத்துவரை நாடுக.

க்ஷமாவணி நாளில் எல்லோரிடமும் பிழை பொறுக்க வேண்டுகிறோம். அவ்வேண்டுதல் இனி நம் இல்லத்திலிருந்தே தொடங்கட்டும்.