பின்னிணைப்பில் ஒரு ஆசான்

(ஆய்வு மாணவர்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நிகழ்த்துகலை ஆய்வேடுகளை யார், எதை வைத்து மதிப்பிடுகிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். நான் பறை குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இன்னும் சில மாதங்களில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அதனால் என் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

போன ஆண்டு டாக்டோரல் கமிட்டியில் மருளடிக்கும் சாமிச்சாத்து அடிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பேராசிரியர் குறுக்கிட்டு, "இதற்கு இலக்கண நூல் இருக்கிறதா?" என்றார். "ஆசான்களின் கையில் இருக்கிறது ஐயா" என்றேன். சிரித்தார்கள். அடுத்த கேள்வி வந்தது: "உங்கள் தாத்தா பறையடித்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஆய்வில் சார்பு வராதா?"

அதே துறையில் ஒருவர் தன் பாட்டியிடம் வீணை கற்று, அந்தப் பாணியையே ஆய்வு செய்து பட்டம் வாங்கினார். அவரிடம் யாரும் சார்பு பற்றிக் கேட்கவில்லை. அவர்களுக்கு இருந்தால் அது பரம்பரை ஞானம். நமக்கு இருந்தால் சார்பு.

என் தாத்தா ஒருமுறை சாவுக்கு அடிக்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த வருடம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் அறுப்பு வேலை கொடுக்கவில்லை. இதையும் ஆய்வேட்டில் எழுதினேன். 'இசைக்குத் தொடர்பில்லாதது, நீக்கலாம்' என்று பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக் கொடுத்தார்கள். பறையைத் 'தமிழரின் ஆதி இசை' என்று புகழ்ந்து எழுதினால் கேள்வியில்லாமல் தேறிவிடலாம். அதை யார் தலையில் கட்டாயமாகச் சுமத்தினார்கள் என்று எழுதினால் மட்டும் அது இசை ஆய்வு இல்லையாம். நான் நீக்கவில்லை.

என் ஆய்வை உண்மையில் மதிப்பிட்டவர் என் ஆசான்தான். ஒரு அடியைத் தாளக் கட்டங்களில் பிரித்து எழுதி, அதைப் பார்த்தே அவருக்கு அடித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கணக்கெல்லாம் சரிதான் தம்பி. ஆனா இதுக்கு ஒருத்தனும் ஆடமாட்டான்." அந்த ஒரு வரியால் ஓர் இயல் முழுவதையும் திருப்பி எழுதினேன். ஆனால் ஆய்வேட்டில் அவருக்கான இடம் பின்னிணைப்பில், தகவலாளர் பட்டியலில் இருக்கிறது: பெயர், வயது, ஊர், கல்வித் தகுதி ஐந்தாம் வகுப்பு.

விதி என்ன சொல்கிறது? யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டை நெறியாளரோடு குறைந்தது 2 புறத்தேர்வாளர்கள் மதிப்பிட வேண்டும். அவர்கள் ஆய்வு வெளியீடுகள் உள்ள கல்வியாளர்களாக இருக்க வேண்டும். அதே 2022இல் அதே யுஜிசி 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்ற பதவிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பட்டம் இல்லாத துறை வல்லுநரும் பேராசிரியராகலாம். அந்தத் துறைகளில் கவின்கலையும் உண்டு. ஆக, ஆசான் பாடம் நடத்தலாம், தேர்வாளராக முடியாது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் விருது கொடுக்கிற நாடு, பறை பற்றிய ஓர் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை ஒரு ஆசானுக்குத் தர யோசிக்கிறது.

நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, நிகழ்த்துவதும் ஆய்வின் பகுதியாக மதிப்பிடப்பட வேண்டும். பின்லாந்தின் சிபெலியஸ் அகாதமியில் கச்சேரிகளும் முனைவர் பட்டத்துக்காக மதிப்பிடப்படுகின்றன. இங்கே நம் அடவும் அடியும் ஒரு பென்டிரைவாக ஆய்வேட்டின் பின்னட்டையில் ஒட்டப்படுகின்றன. இரண்டு, அந்தக் கலையை வாழ்ந்தவர் ஒருவர் மற்றவர்களுக்குச் சமமான அதிகாரத்தோடும் மதிப்பூதியத்தோடும் தேர்வாளராக இருக்க வேண்டும். கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, கைதட்டி, பொன்னாடை போர்த்தி அனுப்புவது இதற்கு ஈடாகாது. மூன்று, ஒரு கலையின் சாதி வரலாற்றைப் பேசாத ஆய்வேட்டைக் குறையுள்ள ஆய்வேடு என்றே தேர்வாளர்கள் எழுத வேண்டும்.

விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதற்குப் பெயரே பொது வாய்மொழித் தேர்வு. உங்கள் ஆசான்களை அழைத்து வாருங்கள், முன்வரிசையில் உட்கார வையுங்கள். என் தேர்வுக்கு என் ஆசான் வருகிறார், பறையோடு வருகிறார். கணக்கு சரியா என்று பேராசிரியர்கள் பார்க்கட்டும். ஆட முடியுமா என்று அவர் சொல்லட்டும்.

ஜெய்பீம்.